லொறிக்காரன்ட இன்சூரன்ஸ் லொறிக்குத்தான், உங்கட மூட்டைக்கு இல்ல

போன கிழமை மல்லாவியில இருந்து ஒரு தம்பி போன் எடுத்தவன். முதல்முறையா உழுந்து நேரா கொழும்புக்கு அனுப்பப் போறானாம். இவ்வளவு நாளும் வளவுக்கே வந்து அள்ளிக்கொண்டு போற வியாபாரிக்குத்தான் குடுத்தவன், இந்தமுறை புறக்கோட்டையில ஒரு முதலாளி நல்ல விலை சொல்லியிருக்கிறார், லொறியும் பேசியாச்சு. "அண்ணை, லொறிக்காரர் புல் இன்சூரன்ஸ் இருக்கு ஒண்டுக்கும் யோசிக்காதையும் எண்டவர், வேற ஏதும் செய்யோணுமோ?" எண்டு கேட்டான். செய்யோணும் எண்டு தொடங்கி முக்கால் மணித்தியாலம் கதைச்சன், பாதியில அவன்ட போனில சார்ஜ் முடிஞ்சு கட்டாயிட்டுது. மிச்சத்தை எழுதி அனுப்பிறன் எண்டனான், எழுதத் தொடங்கினா அவனுக்கு மட்டுமில்லாம இஞ்ச வன்னியில இருந்து சாமான் அனுப்பிற எல்லாருக்கும் உதவுமெண்டு பட்டுது, அதான் இஞ்ச போடுறன்.

முதல்லயே சொல்லிப்போட்டன், நான் இன்சூரன்ஸ் ஏஜன்ட் இல்ல. பரந்தன் பக்கம் சின்ன மில் ஒண்டு வச்சிருக்கிறன், மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா அரைச்சு பக்கற் பண்ணி கொழும்புக்கும் கொஞ்சம் வெளியாலயும் அனுப்பிறன். சொந்த லொறி இல்ல, எல்லாம் மற்ற ஆக்கள்ட வாகனத்தில தான் போகுது. அடிபட்டுப் படிச்சது தான் இதெல்லாம்.

அடி எப்பிடி விழுந்தது எண்டா, ஒரு கார்த்திகை மாசம், வறுத்த அரிசிமா 40 பை ஏத்தி விட்டன். தறப்பாள் ஒரு மூலையில கிழிஞ்சிருந்தது, கண்டனான், டிறைவர் தம்பி "அண்ணை அது மடிச்சுக் கட்டலாம்" எண்டான், சரியெண்டு விட்டிட்டன். புளியங்குளம் தாண்ட கொட்டத் தொடங்கின மழை விடியும் வரைக்கும் விடேல்ல. கொழும்பில கடைப் பெடியன் இறக்கேக்க மேல இருந்த பத்துப் பையை மட்டும் பாத்துப்போட்டு ரசீதில சைன் வச்சு விட்டிட்டான், அடியில இருந்த 17 பை களியாப் போனது மத்தியானம் தான் தெரிஞ்சது. லொறி முதலாளிக்கு எடுத்தா, "நல்லா இருக்கெண்டு சைன் வச்சு எடுத்திட்டினம் தானே, மழைக்கு நானோ பொறுப்பு?" வாங்கின முதலாளி "நனைஞ்ச மாவுக்கு நான் ஏன் காசு தரவேணும்". "புல் இன்சூரன்ஸ் எண்டனீங்களே" எண்டு திருப்பிக் கேக்க, பொலிசியின்ட கொப்பியை வட்ஸ்அப்பில அனுப்பிவிட்டார். புல் இன்சூரன்ஸ் தான், பொய்யில்ல. ஆனா லொறிக்கு.

இதைத்தான் முதல்ல விளங்கிக்கொள்ளோணும். வாகனத்துக்கு போடுற முழுக் காப்புறுதி எண்டது வாகனத்துக்கும், அந்த வாகனம் மோதி மற்ற ஆக்களுக்கோ மற்ற ஆக்கள்ட சொத்துக்கோ வாற சேதத்துக்கும். லொறிக்கு மேல ஏத்தியிருக்கிற சரக்கு அந்த "மற்ற ஆக்கள்ட சொத்து"க்குள்ள வராது, வாகனப் பொலிசிகளில அதை வழக்கமா விலக்கித்தான் வைப்பினம். லொறி குடைசாஞ்சா லொறிக்காரருக்கு லொறி வரும், மதில் உடைஞ்சவனுக்கு மதில் வரும், உங்கட உழுந்து ரோட்டில கிடக்கும். முறிகண்டியில இறங்கி பிள்ளையாருக்கு தேங்காய் உடைச்சு கச்சானும் வாங்கிக்கொண்டு போறது நல்ல பழக்கம் தான், அதை நான் குறை சொல்லேல்ல, ஆனா அதுவும் லொறிக்கும் டிறைவருக்கும் தான்.

இன்னொரு வகை இருக்கு, அதைக் கொஞ்சம் கவனமாப் பாக்கோணும். பெரிய ட்றான்ஸ்போட் கொம்பனிகள், கூரியர்காரர் சிலர் தங்கட பொறுப்புக்கெண்டு தனியா ஒரு பொலிசி வச்சிருப்பினம், காவுறவன்ட பொறுப்புக் காப்புறுதி எண்டு சொல்லலாம். அது சரக்கைப் பற்றினது தான், ஆனா உங்களுக்காக எடுத்தது இல்ல. அவையில பிழை எண்டு ஆனாத்தான் அது வேலை செய்யும், அப்பவும் அவை ரசீதில எழுதி வச்ச உச்சத்தொகைக்கு மேல ஒரு சதமும் வராது. ரசீதை ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. பொடி எழுத்தில "உரிமையாளரின் பொறுப்பில்" எண்டோ, ஒரு பாசலுக்கு இவ்வளவு தான் எண்டோ இருக்கும். நாங்கள் ஆரும் அந்தப் பக்கத்தை வாசிக்கிறேல்ல, நான் பத்து வருசம் வாசிக்காம இருந்தனான்.

அப்ப சட்டம் எங்களைப் பாக்காதோ எண்டு கேப்பீங்கள். பாக்கும், ஆனா சுத்தி வளைச்சு. தரையால சாமான் காவுற ஆக்கள்ட விசயத்தில இங்கிலாந்துச் சட்டம் தான் இலங்கையிலயும் எண்டு வெள்ளைக்காரன் காலத்தில போட்ட ஒரு கட்டளைச் சட்டம் இண்டைக்கும் கிடக்கு. அதின்படி ஆர் கேட்டாலும் ஏத்திற பொதுக் காவுநர் எண்டா பொறுப்பு கடுமை, பேசி ஒப்பந்தத்தில ஓடுற தனி ஆள் எண்டா அவர் கவலையீனமா இருந்தவர் எண்டதை வைச்சுத்தான் பொறுப்பு. எங்கட லொறி ஓட்டம் கனக்க இரண்டாவது வகை. கிழிஞ்ச தறப்பாளுக்கு கோடு ஏறி வழக்குப் பேச உங்களிட்ட காசும் காலமும் இருந்தா பேசுங்கோ.

மற்றது, சேதம் வந்தா ஆருக்கு நட்டம், அனுப்பினவனுக்கோ வாங்கினவனுக்கோ? 1896 ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் தான் இன்னும் நடக்குது. வேற மாதிரி பேசிக்கொள்ளாட்டி, வாங்கிறவருக்கெண்டு காவுறவனிட்ட சாமானைக் குடுத்தாலே வாங்கிறவரிட்ட குடுத்ததா பொதுவா எடுக்கலாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா புறக்கோட்டையில "கடையில இறக்கி நிறுத்த பிறகு தான் காசு" எண்டு தான் பேச்சு, அதுவும் ஒரு ஒப்பந்தம் தான், அப்ப வழி முழுக்க ரிஸ்க் உங்கட தலையில. ஆகவே லொறி பேச முதல், வாங்கிறவரிட்ட ஒரு வசனம் எழுத்தில கேளுங்கோ: லொறியில ஏத்தின பிறகு சாமான் ஆற்ற பொறுப்பு? வட்ஸ்அப்பில கேட்டாலும் காணும். அவற்ற பொறுப்பு எண்டா இன்சூரன்ஸ் போடவேண்டியது அவர், போட்டிட்டாரோ எண்டு மட்டும் கேளுங்கோ. உங்கட பொறுப்பு எண்டா தொடர்ந்து வாசியுங்கோ.

எடுக்கிறது எப்பிடி

வருசத்தில ஒண்டு இரண்டு தரம் அனுப்பிற ஆள், தம்பியை மாதிரி, ஒரு பயணத்துக்கு மட்டும் எடுக்கலாம். இந்தத் திகதி, இஞ்சயிருந்து அங்க, இந்தச் சாமான், இவ்வளவு பெறுமதி, அவ்வளவு தான். அடிக்கடி அனுப்பிற ஆளெண்டா திறந்த பொலிசி, இல்லாட்டி வருசத்துக்கு ஒண்டு. அதில ஒரு லொறிக்கு உச்சம் இவ்வளவு எண்டு ஒரு வரம்பு போடுவினம், ஒவ்வொரு தரமும் அனுப்ப முதல் இன்ன லொறி நம்பர் இவ்வளவு பெறுமதி எண்டு அறிவிக்கிற மாதிரியும் இருக்கும், மாசக் கடைசியில மொத்தமா அறிவிக்கிற மாதிரியும் இருக்கும். அறிவிக்க மறந்த லோட் தான் கவிழும், இது எழுதாத சட்டம். அதால என்ட மில்லில லொறி கேற்றால வெளிக்கிட முதல் மெசேஜ் போயிடோணும் எண்டு பெடியனுக்கு சொல்லி வச்சிருக்கிறன்.

கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் அனேகமா எல்லாக் கொம்பனிக்கும் கிளை இருக்கு. ஆனா கிளையில இருக்கிற பிள்ளையளுக்கு மோட்டச்சைக்கிள் இன்சூரன்சும் ஆயுள் காப்புறுதியும் தான் தண்ணிபட்ட பாடு, சரக்கு எண்டதும் ஒருக்கா முழிப்பினம். கோவிக்காதைங்கோ. "உள்நாட்டில கொண்டு போற சரக்குக்கு, மரைன் பிரிவு" எண்டு சொல்லுங்கோ. கடல் இல்லாத மாங்குளத்தில நிண்டு மரைன் எண்டு கேக்க பகிடியாத்தான் இருக்கும், ஆனா சரக்குக் காப்புறுதி கப்பலில இருந்து வந்தது, அதால அந்தப் பிரிவுக்குள்ள தான் இது கிடக்கும். அவை தலைமைக் கந்தோருக்கு எடுத்துத் தருவினம். இரண்டு மூண்டு இடத்தில விலை கேளுங்கோ, ஒரு நல்ல புரோக்கர் இருந்தா அவரே கேட்டுத் தருவார்.

பிரீமியம் பெறுமதியில இத்தினை வீதம் எண்டு தான் வரும், சாமானையும் தூரத்தையும் எந்த அளவு காப்பு எண்டதையும் வைச்சு. கணக்குக்கு சொல்றன், நூற்றுக்கு கால் எண்டு வைச்சா 8 இலட்சம் ரூபா சாமானுக்கு 2,000 ரூபா. லொறிக் கூலியோட பாத்தா பெரிசா தெரியாது. ஆனா ஒரு பயணத்துக்கு எண்டு எடுக்கேக்க ஆகக்குறைஞ்ச கட்டணம் எண்டு ஒண்டு வைப்பினம், அதையும் கேளுங்கோ.

ஏ, பி, சி

இது தான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ. உலகம் முழுக்க சரக்குக் காப்புறுதிக்கு இன்ஸ்டிடியூட் கார்கோ குளோஸ் எண்டு லண்டனில எழுதின மூண்டு மாதிரி நிபந்தனைத் தொகுதி இருக்கு, ஏ, பி, சி. 1982 இல வந்தது, 2009 இல திருத்தினவை. உள்நாட்டு லொறி ஓட்டத்துக்கு வேற வசனத்தில எழுதித் தந்தாலும் உள்ளுக்க இருக்கிற யோசனை இதே தான், அதால இதை விளங்கினா எந்தப் பொலிசியையும் வாசிக்கலாம்.

சி தான் மலிவு. நெருப்பு, வெடிப்பு, வாகனம் குடைசாயிறது, மோதுறது, ரயில் தடம் புரளுறது, இப்பிடிப் பேர் சொல்லி எழுதின பெரிய விபத்துகள் மட்டும். பேர் இல்லாட்டி காசு இல்ல. பி அதுக்கு மேல பூமியதிர்ச்சி, இடி மின்னல், பிறகு கடல் ஆறு குளத்துத் தண்ணி வாகனத்துக்குள்ளயோ சாமான் வச்ச இடத்துக்குள்ளயோ பூருறது, இப்பிடிச் சிலதைச் சேர்க்கும். 2018 மார்கழி வெள்ளம் இஞ்ச ஒருத்தரும் மறந்திருக்க மாட்டியள், இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்து விட்டு ஊரெல்லாம் தண்ணி. அப்பிடி வெள்ளம் ஏறி மூட்டை நனைஞ்சா பி குடுக்கும், சி குடுக்காது. ஆனா பாருங்கோ, பி யிலயும் மழைத்தண்ணி எண்ட சொல்லு இல்ல! குளத்துத் தண்ணி வந்தா காசு, வானத்துத் தண்ணி வந்தா இல்ல. என்ட 17 பை அரிசிமாவுக்கு பி எடுத்திருந்தாலும் ஒண்டும் வந்திராது. களவும் அப்பிடித்தான், வழியில நாலு மூட்டை குறைஞ்சா பி யும் சி யும் கையை விரிக்கும், களவுக்கும் சாமான் வந்து சேராததுக்கும் தனியா சேர்த்து எழுதுவிக்கோணும்.

ஏ எண்டது மற்றப் பக்கத்தால வரும். எல்லாம் உண்டு, விலக்கினதைத் தவிர. மழையும் களவும் ஏத்தி இறக்கேக்க விழுந்து உடையிறதும் இதுக்குள்ள வரும். மாரி காலத்தில மாவோ உழுந்தோ கச்சானோ அனுப்பிறதெண்டா ஏ தான் எடுக்கோணும் எண்டது என்ட எண்ணம், காசு கொஞ்சம் கூடத்தான். சித்திரை வைகாசியில ஓடு, சீமெந்துக்கல்லு மாதிரி ஏதும் அனுப்பினா சி காணும், நனைஞ்சா என்ன.

ஏ எண்டாலும் விலக்கின பட்டியல் ஒண்டு இருக்கு, எங்கட ஆக்கள் விழுகிறது அந்தக் கிடங்கில தான். பக்கிங் சரியில்லாட்டி இல்ல. பழைய உரப்பையில தூள் கட்டி அனுப்பி அது பிரிஞ்சா, அது விபத்தில்ல உங்கட பிழை எண்டுவினம், சரி தானே. சாமான்ட சொந்தக் குணத்தால பழுதானா இல்ல, உதாரணத்துக்கு ஈரம் காயாம மூட்டை கட்டின கச்சான் பூஞ்சணம் பிடிச்சா, வண்டு ஏற்கனவே இருந்த உழுந்தெண்டா. வழக்கமா குறையிற நிறை இல்ல, நெல்லும் கருவாடும் வழியில கொஞ்சம் காய்ஞ்சு நிறை இறங்கும், அந்த அஞ்சு பத்துக் கிலோவுக்கு கிளைம் கேக்க ஏலாது. பிந்தி வந்ததால வாற நட்டம் இல்ல, லொறி பழுதாகி ஒரு நாள் நிண்டு, அதுக்குள்ள சந்தையில விலை இறங்கினா அது உங்கட தலையெழுத்து.

முல்லைத்தீவு மீன்காரருக்கு இது எல்லாரையும் விட முக்கியம். ஐஸ் உருகி மீன் பழுதாப் போனா அது பிந்தினதுக்குள்ளயும் போகும், சாமான்ட குணத்துக்குள்ளயும் போகும், இரண்டும் விலக்கினது. கூலர் லொறியெண்டா மெசின் பழுதுக்கு தனிக் காப்பு எடுக்கலாம், ஆனா வசனத்தை வடிவா வாசியுங்கோ, குளிரூட்டின உணவுக்கெண்டு இருக்கிற குளோஸ் சிலதில மெசின் தொடர்ந்து 24 மணித்தியாலம் நிண்டிருந்தாத்தான் காசு. அது கப்பலுக்கு எழுதினது. முல்லைத்தீவில இருந்து கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன்சந்தைக்கு ஒரு இரவு ஓட்டம், 24 மணித்தியாலம் மெசின் நிக்கிறதுக்கு லொறி கொழும்பு போய் திரும்பி வந்து தேத்தண்ணியும் குடிச்சிருக்கோணும். அப்பிடி ஒரு வசனத்துக்கு காசு கட்டிறது கடலில போடுறது. மணித்தியாலத்தைக் குறைச்சுத் தரச் சொல்லிக் கேளுங்கோ, தராட்டி அந்தக் காசுக்கு நல்ல பெட்டியும் கூட ஐஸும் வாங்குங்கோ.

யுத்தம், கலவரம், வேலைநிறுத்தம் மூண்டும் ஏ யிலயும் விலக்கு. கலவரமும் வேலைநிறுத்தமும் பயங்கரவாதமும் மேலதிகமா சேர்க்கலாம், இலங்கையில அதுக்குப் பின்னால அரசாங்கத்தின்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிக்குது. யுத்தம் அப்பிடி இல்ல. சரக்கு யுத்தக் காப்பு கப்பலில இருக்கிற நேரத்துக்குத்தான் எண்டது சர்வதேச வழக்கம், தரையில ஓடுறதுக்கு இல்ல. இதை நான் பிந்தித்தான் அறிஞ்சனான். 2002 இல ஏ9 ரோட்டு திறந்து 2006 ஓகஸ்டில திரும்பப் பூட்டும் வரைக்கும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில சாமானை இறக்கி ஏத்தி இறக்கி ஏத்தி ஓடின ஆக்கள் ஒருத்தரும் இன்சூரன்ஸ் எண்டு வாய் திறக்கேல்ல, அப்ப எங்களுக்கு விவரம் தெரியாது எண்டு நினைச்சிருந்தன். அப்பிடி ஒரு சாமான் விக்கவே இல்ல எண்டது தான் உண்மை.

பெறுமதி எழுதிறது

என்ட இரண்டாவது பாடம் இதில. மா நட்டத்துக்குப் பிறகு ரோசத்தில பொலிசி எடுத்தன், ஏ மாதிரியே, எல்லாம் சரி. இரண்டு வருசத்துக்குப் பிறகு கனகராயன்குளத்துக்கு இஞ்சால இரவில ரோட்டில படுத்திருந்த மாட்டுக்கு பிறேக் அடிச்சு லொறி காணுக்குள்ள சரிஞ்சுது. டிறைவருக்கு ஒண்டுமில்ல, மாட்டுக்கும் ஒண்டுமில்ல, அது எழும்பிப் போயிட்டுதாம். மிளகாய்த்தூள் 240,000 ரூபாக்கு நட்டம். லோட்டின்ட உண்மையான பெறுமதி 6 இலட்சம். நான் பிரீமியத்தில நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிறனெண்டு 450,000 தான் எழுதியிருந்தன். நட்டம் அதுக்குள்ள தானே, முழுசா வருமெண்டு நினைச்சா, சரிவிகித நிபந்தனை எண்டு ஒண்டு காட்டினாங்கள். பெறுமதியில முக்கால் பங்குக்குத்தான் காப்பெண்டா நட்டத்திலயும் முக்கால் பங்கு தான். 180,000. அதில முதல் 25,000 ரூபா எக்செஸ், அதாவது நட்டத்தில நாங்களே ஏற்கிற பங்கு. கைக்கு வந்தது 155,000. மிச்சம் பிடிச்சதுக்கு நான் குடுத்த விலை 60,000. மனிசி இண்டைக்கும் சொல்லிக்காட்டுறவ.

ஆகவே எழுதிறதெண்டா விலைச்சிட்டையில இருக்கிற விலை, அதோட லொறிக் கூலி, அதுக்கு மேல நூற்றுக்கு பத்து. இந்தப் பத்து வீதம் ஏற்றுமதி வியாபாரத்தில வழக்கமான கணக்கு, பில் எழுதின செலவு, திருப்பி அலையிற செலவு எல்லாத்துக்கும். கூட்டி எழுதினா கூட வருமோ எண்டு நினைக்காதைங்கோ, நட்டத்துக்கு மேல இலாபம் தர மாட்டாங்கள், பொய் எழுதினது பிடிபட்டா முழுப் பொலிசியும் போயிடும். சாமானைப் பற்றிக் கேக்கிற எல்லாத்துக்கும் உண்மையைச் சொல்லுங்கோ, கேக்காட்டியும் முக்கியமானதைச் சொல்லுங்கோ. பழைய லொறி, திறந்த லொறி, வவுனியாவில பட்டா எண்ட சின்ன லொறிக்கு மாத்தி ஏத்திறது எல்லாம் முக்கியம் தான்.

அதோட எக்செஸை முதல்லயே கேளுங்கோ. எக்செஸ் 25,000 எண்டா 30,000 ரூபா பாசலுக்கு இன்சூரன்ஸ் போடுறதில அர்த்தம் இல்ல. நான் இப்பவும் சின்னப் பாசல்களை சும்மா தான் அனுப்பிறன், போனா போகட்டும். எது போனா கடனுக்குப் போகவேண்டி வருமோ அதுக்குத்தான் போடுறது.

எங்க தொடங்கி எங்க முடியுது எண்டதையும் பாருங்கோ. 2009 குளோஸ்படி களஞ்சியத்துக்குள்ள ஏத்திறதுக்கெண்டு சாமானை அசைக்கத் தொடங்க காப்பு தொடங்கும், போய்ச்சேருற களஞ்சியத்தில இறக்கி முடிய முடியும், இடையில வழமையான பயணத்தோட சேராத தங்கல் வந்தா அதோட காப்பு முடிஞ்சு போகலாம். உள்நாட்டுப் பொலிசி சிலது லொறியில ஏத்தின பிறகு தான் தொடங்கும். கொழும்பில போயா நாள், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு எண்டு லொறியைக் கொண்டு போய் எங்கயாவது விட்டிட்டு டிறைவரும் கிளீனரும் படுக்கப் போற பழக்கம் இருக்கே, ஆள் இல்லாம விட்ட வாகனத்தில நடக்கிற களவுக்கு காசு இல்ல எண்டு எழுதின பொலிசி கனக்க. போயா எப்பவெண்டு கலண்டரைப் பாத்து ஏத்துங்கோ.

வெளிநாட்டுக்கு அனுப்பிறது பற்றி சுருக்கமா. கனடாவுக்கும் லண்டனுக்கும் பெட்டி அனுப்பிற ஏஜன்ட்மார் "இன்சூரன்ஸும் சேர்த்து" எண்டு ஒரு தொகை எடுப்பினம். எடுக்கட்டும், ஆனா எந்தக் காப்புறுதிக் கொம்பனி, சேட்டிபிக்கற் நம்பர் என்ன எண்டு கேளுங்கோ. நம்பர் இல்லாட்டி அது இன்சூரன்ஸ் இல்ல, அவற்ற வாய்ச்சொல்லு. விமானத்தால போற சரக்குக்கு மொன்றியல் ஒப்பந்தப்படி விமானக் கொம்பனியின்ட உச்சப் பொறுப்பு 2024 டிசெம்பர் 28 இல இருந்து கிலோவுக்கு 26 எஸ்டிஆர், அதுக்கு முதல் 22. எஸ்டிஆர் எண்டது சர்வதேச நாணய நிதியத்தின்ட கணக்கு அலகு, ஒண்டு ஒரு டொலரை விடக் கொஞ்சம் கூட. ஒடியல் பெட்டிக்கு அது தாராளம், நகை சீலைக்குக் காணாது. சாமானைக் கையில எடுத்து 14 நாளுக்குள்ள சேதத்தை எழுத்தில அறிவிக்காட்டி அந்த உரிமையும் போயிடும்.

ஏத்திற அண்டைக்கு

கையில போன் இருக்கு தானே, எடுங்கோ. லொறி நம்பர் பிளேட், உள்தளம், தறப்பாளை விரிச்சு நாலு மூலையும், பிறகு அடுக்கின மூட்டை, கட்டி முடிஞ்ச பிறகு ஒருக்கா. தறப்பாள் கிழிஞ்சிருந்தா ஏத்தாதைங்கோ, டிறைவர் தம்பி எவ்வளவு நல்லவனா இருந்தாலும். ரசீதில மூட்டை எண்ணிக்கையும் நிறையும் டிறைவரைக் கொண்டே எழுதுவிச்சு சைன் வாங்குங்கோ, "சாமான் 1 லோட்" எண்டு எழுதின ரசீதுக்கு நாலு மூட்டை குறைஞ்சதெண்டு எப்பிடிக் காட்டிறது. டிறைவற்ற லைசன்சையும் ஒரு போட்டோ. லொறி கொள்ளிற நிறைக்கு மேல ஏத்த விடாதைங்கோ, கவிண்ட பிறகு முதல்ல கேக்கிற கேள்வி அது.

எடுக்கிற ஆளுக்கு, அதாவது கடைப் பெடியனுக்கு, முதல் நாளே போன் போட்டு ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ: எண்ணி, அடிமூட்டையையும் தொட்டுப் பாத்து, ஏதும் வித்தியாசமெண்டா சைனுக்கு மேல எழுதிப்போட்டுத்தான் சைன். "3 மூட்டை நனைவு, 1 குறைவு" எண்டு ஒரு வரி காணும். பாக்க விடாம அவசரப்படுத்தினா "பார்க்காமல் பெற்றது" எண்டாவது எழுதச் சொல்லுங்கோ. எங்கட 17 பையும் போனது இந்த ஒரு வரியில தான்.

சேதம் வந்திட்டுதெண்டா அண்டைக்கே கொம்பனிக்கு எடுக்கோணும், நாளைக்கு எண்டு விடாதைங்கோ, போனில சொல்லிப்போட்டு பின்னால ஒரு மெசேஜோ ஈமெயிலோ. விபத்து, களவு எண்டா பக்கத்துப் பொலிசில முறைப்பாடு போட்டு அந்தத் துண்டு. லொறி முதலாளிக்கும் எழுத்தில ஒரு கடிதம், இன்ன சேதம், உங்களைப் பொறுப்பாக்கிறன் எண்டு. தெரிஞ்ச மனிசன், முகத்தை முறிக்கிறதோ எண்டு யோசிப்பியள், யோசிக்காதைங்கோ, உங்களுக்கு காசு தந்த பிறகு கொம்பனி உங்கட இடத்தில நிண்டு அவரிட்ட கேக்கிற உரிமை எடுக்கும், நீங்கள் "பரவாயில்ல அண்ணை விடுங்கோ" எண்டு சொல்லி அதைக் கெடுத்தா உங்கட கிளைமும் கெடும்.

பழுதான சாமானை எறியாதைங்கோ. நனையாததைப் பிரிச்சு எடுத்து காய விடுங்கோ, மேலும் பழுதாகாமக் காப்பாத்திறது உங்கட கடமை, ஆனா பழுதானது மதிப்பீட்டாளர் வந்து பாக்கும் வரைக்கும் அப்பிடியே இருக்கோணும். நாறுது எண்டு கடைக்காரர் குப்பைக்குப் போட்டா எதைப் பாக்கிறது. ஏலாக்கட்டத்தில போட்டோ எடுத்து கொம்பனியைக் கேட்டு அவை ஓமெண்டு எழுதின பிறகு எறியலாம். பிறகு பொலிசி கொப்பி, விலைச்சிட்டை, ரசீது, போட்டோ, பொலிஸ் துண்டு, லொறிக்காரருக்கு எழுதின கடிதம், எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு கொப்பியைக் குடுத்து மூலத்தை வச்சிருங்கோ, மூலம் கேட்டா குடுத்ததுக்கு சைன் வாங்குங்கோ.

இல்லையெண்டு சொல்லிட்டாங்களெண்டா ஏனெண்டதை எழுத்தில கேளுங்கோ, எந்த நிபந்தனை, எத்தினையாவது. அதை வச்சு முதல்ல கொம்பனியின்ட தலைமைக் கந்தோருக்கு முறைப்பாடு, அதுக்கும் சரிவராட்டி முறைப்பாடு விசாரிக்கிறதுக்கு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் எண்டு கொழும்பில ஒருத்தர் இருக்கிறார், மேல பாக்கிறது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, 2000 ஆம் ஆண்டு 43 ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. தமிழில எழுதுங்கோ, எழுதலாம்.

தம்பி, உனக்கு லொறி வியாழன் பின்னேரம் வருதெண்டனி. நாளைக்கு காலமை கிளிநொச்சிக்குப் போய் மரைன் எண்டு கேள், உழுந்து, ஒரு பயணம், மல்லாவி டு புறக்கோட்டை, மழையும் களவும் சேர்த்து எண்டு சொல்லு. உழுந்து நல்லாக் காஞ்சதோ எண்டு இண்டைக்கே ஒருக்கா கடிச்சுப் பார். அதோட அந்த லொறிக்காரற்ற ரசீதுப் புத்தகத்தில ஒரு தாளின்ட பின்பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பிவிடு, என்ன எழுதியிருக்கெண்டு பாப்பம். போனை சார்ஜில போட்டிட்டு எடு.